ஒரு கோடைக்கு ஒரு புத்தகம்

1

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, நூலகத்தில் வைத்து என் மனைவியைத் தவறுதலாகச் சாகடித்துவிட்டேன்.

புத்தகம் திருப்பிக் கொடுக்கும் மேசையில் இருக்கும் அம்மையார் எங்கள் இருவரையும் அறிந்தவர். மகள் எங்களைக் கனடாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டதிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் நானும் பத்மாவும் சோடியாகத்தான் நூலகத்துக்குப் போவோம். இந்தக் குளிர்காலம் முழுவதும் நாங்கள் போகவில்லை. அன்றைக்கு நான் மட்டும் வந்து நின்றதைப் பார்த்து, ‘மனைவி எங்கே?’ என்று கேட்டார். வீட்டில் ஓய்வாக இருக்கிறாள் என்பதை என்னுடைய அலுவலக ஆங்கிலத்தில் ‘ஷி இஸ் அட் ரெஸ்ட்’ என்றேன். அம்மையாரின் கண்கள் கலங்கிவிட்டன. மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார். அந்தச் சொற்களை இந்த ஊரில் கல்லறையில்தான் பொறிப்பார்களாம்.

பிறகு அவளை உயிரோடு கொண்டுவருவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஊரில் என்றால் இறப்புப் பதிவைத் திருத்துவதற்குச் சத்தியக் கடதாசி, கிராம உத்தியோகத்தர் கடிதம், சாட்சிகள் என்று ஆறு மாதம் ஓடியிருக்கும். இங்கே இரண்டு பக்கமும் மன்னிப்புக் கேட்டு முடித்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்து பத்மாவிடம் சொன்னேன்.

“பூ ஒண்ணும் குடுத்து அனுப்பலையா?” என்றாள்.

“இல்லை.”

“கஞ்சம் புடிச்ச ஊரு.”

அந்த அம்மையார் என்னை விடுவதற்கு முன்னால் இன்னொரு கேள்வியும் கேட்டிருந்தார். இங்கே கோடை பிறந்ததை நூலகத்து அறிவித்தல் பலகையில்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மஞ்சள் சூரியன் வரைந்த ஒரு தாளை ஒட்டி, ‘இந்தக் கோடையில் என்ன வாசிக்கப்போகிறீர்கள்?’ என்று எழுதிவைத்திருப்பார்கள். பக்கத்தில் பட்டியல்கள். கடற்கரையில் வாசிக்க, விமானத்தில் வாசிக்க, மரத்தடியில் படுத்துக்கொண்டு வாசிக்க என்று இடத்துக்கு ஒன்று. மருந்துச் சீட்டில் சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று எழுதுவதுபோல. ஒரு மக்கள் கூட்டம் சந்தோஷத்துக்காக இவ்வளவு ஒழுங்காகத் தயாராவதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்தத் தாளைக் காட்டி, ‘உங்கள் மனைவி இந்தக் கோடையில் என்ன வாசிக்க விரும்புவார்?’ என்று கேட்டார். நான் சிரித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஜனவரி மாதத்திலிருந்து பத்மாவால் வாசிக்க முடியாது.

2

பத்மாவுக்குப் பக்கவாதம் என்று சொன்னாலே ஊரில் எல்லோரும் கை, கால், வாய் என்றுதான் விசாரிக்கிறார்கள். அவை மூன்றும் தப்பிவிட்டன. பேச்சு சில வாரங்கள் தடுமாறிவிட்டு, பழைய கேலிகளையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. வாசிப்பு மட்டும் வரவில்லை.

இதில் விசித்திரம், அவளால் எழுத முடியும். கடைக்குப் போகும்போது வாங்க வேண்டியதை எழுதித் தருவாள். ஆயுள் முழுவதும் கரும்பலகையில் எழுதிய கை. ஓர் எழுத்துக்கூடக் கோட்டை விட்டு இறங்காது. எழுதி முடித்த அதே கடதாசியைத் திருப்பி அவளிடம் நீட்டினால் ஒரு சொல்லும் விளங்காது.

“பார்த்தா நம்ம எழுத்துன்னு தெரியுது. என்ன எழுத்துன்னு வர மாட்டேங்குது” என்றாள் முதல் நாள். “கல்யாண வீட்டுல தெரிஞ்ச ஆளு வந்து கையப் புடிச்சுக்கிட்டு நிக்குமே, நமக்குப் பேரு வராதே, அந்த மாதிரி.”

டாக்டர் மூளையின் படத்தைக் காட்டி விளக்கினார். பார்வைக்கான இடம் நன்றாக இருக்கிறது, சொற்களுக்கான இடமும் நன்றாக இருக்கிறது, நடுவிலுள்ள வழிதான் அடைபட்டிருக்கிறது என்றார். எனக்கு அது உடனே விளங்கியது. எங்கள் மலைநாட்டில் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் மண் சரிந்தால் இந்தப் பக்கத்து ஊரும் இருக்கும், அந்தப் பக்கத்து ஊரும் இருக்கும். பஸ் மட்டும் போகாது.

வாசிப்புப் பயிற்சிக்கு ஒரு சிகிச்சையாளரிடம் அனுப்பினார்கள். சிறு வயதுப் பெண், இரக்கமானவள், எப்போதும் அடுத்த நோயாளிக்குப் பிந்திக்கொண்டே இருப்பாள். பத்மாவின் ஆங்கிலம் மட்டு என்பதால் டெலிபோனில் ஒரு மொழிபெயர்ப்பாளர். என்னை மொழிபெயர்க்க விட மாட்டார்கள். கணவன்மார் சொந்தக் கருத்தைச் சேர்த்துவிடுவார்கள் என்று விதி இருக்கிறது. விதியைப் போட்டவர் விஷயம் தெரிந்தவர்.

கண் மறந்ததைக் கை மறக்கவில்லை, எழுத்தின் மேலேயே விரலால் எழுதிப் பார்க்கட்டும், விரல் சொல்வதைக் கொண்டு எழுத்தைப் பிடிக்கலாம் என்றாள் அந்தப் பெண். டெலிபோனில் மொழிபெயர்ப்பாளர் கணீரென்று சொன்னார்: “தாங்கள் தங்களது சுட்டுவிரலினால் எழுத்துருக்களை வருடுதல் வேண்டும் அம்மணி.”

பத்மா என் பக்கம் திரும்பினாள். “யாருங்க இந்த ஆளு? தேர்த்திருவிழாவுல மைக்கு புடிச்ச மாதிரி பேசுறாரு?”

அதையும் அவர் மொழிபெயர்த்தார் என்று நினைக்கிறேன். அந்தப் பெண் சிரித்தாள்.

கோடையில் அவள் விடுமுறையில் போகிறாள். அடுத்த சந்திப்பு செப்டெம்பரில். அதற்குள் முன்னேற்றம் தெரிந்தால் பயிற்சி தொடரும், தெரியாவிட்டால் ‘இப்போதைக்கு நிறுத்திக்கொள்வோம்’ என்றாள். ஹட்டனில் கல்வி அலுவலகத்து நிர்வாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எத்தனையோ பேருடைய கோப்புகளை ‘இப்போதைக்கு’ நிறுத்தியிருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. பத்மாவும் என்னோடு குடும்பம் நடத்தியவள், அவளுக்கும் தெரியும். வரும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, “செப்டெம்பருக்குள்ள வரலன்னா அவ்வளவுதான், இல்லீங்களா?” என்றாள்.

“அப்படிச் சொல்லவில்லையே.”

“நீங்களும் அப்படித்தான் சொல்லாம சொல்லுவீங்க.”

3

‘அவருக்குப் பிடித்த ஒரு புத்தகமாக எடுங்கள், கோடை வாசிப்புபோல’ என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதன் பாரம் எனக்குத்தான் தெரியும். விரலால் தடவி ஒரு வரி போவதற்குள் அடுப்பில் சோறு வெந்துவிடும். அந்த வேகத்தில் இந்தக் கோடைக்கு மெல்லிய புத்தகம் ஒன்றே ஒன்றுதான் கட்டுப்படியாகும். நூலகத்து அம்மையார் கை நிறைய அள்ளிக்கொண்டு போகச் சொல்கிறார், எனக்கோ ஒன்றுதான். அந்த ஒன்று பிழைத்துப்போனால் கோடையும் போயிற்று, செப்டெம்பரும் போயிற்று.

மகள் சுகந்தி காப்புறுதிக் கொம்பனியில் வேலை செய்கிறாள். எதற்கும் ஒரு மாற்று ஏற்பாடு வைத்திருப்பாள். “அப்பா, ஓடியோவில எல்லாப் புத்தகமும் இருக்கு. அம்மா சும்மா படுத்துக்கிட்டே கேக்கலாம்” என்றாள். பேத்தி ஒருபடி மேலே போய், போனை எழுத்துக்கு நேரே பிடித்தால் அதுவே வாசித்துக் காட்டும் என்றாள், ஆங்கிலத்தில். பிறகு தமிழ்ப் பக்கமொன்றைப் பிடித்துக் காட்டினாள். அது நம் தமிழை, தபாலில் வந்த மிரட்டல் கடிதம்போல வாசித்தது.

“கேக்குறதுக்கு உங்கப்பா வாயி போதும். எனக்குப் படிக்கணும்” என்றாள் பத்மா.

நான் முறைப்படி தொடங்கினேன். எந்தப் படிப்பும் முதலாம் வகுப்பிலிருந்துதானே தொடங்க வேண்டும்? கோயிலில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்துகிறவரிடம் கேட்டு, முதலாம் ஆண்டுப் பாடநூலொன்று வாங்கி வந்தேன். பெரிய எழுத்து, பக்கத்துக்கு இரண்டே சொற்கள், அணிலின் படம். இதைவிடப் பொருத்தமானது இல்லை என்ற திருப்தியோடு அவள் மடியில் வைத்தேன்.

பத்மா அணிலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“நான் முதல்தரச் சேவையில பென்ஷன் எடுத்தவ” என்றாள். “என்னைய எந்தச் சுற்றறிக்கையில இறக்குனீங்க?”

“இல்லை, படிப்படியாக...”

“இந்த அணிலு என்ன பண்ணப்போவுதுன்னு எனக்குத் தெரியும். பழம் திங்கும். அடுத்த பக்கத்துல மரத்துல ஏறும். இத ஒரு மாசம் தடவிப் பார்க்கணுமா நானு?”

கல்வி அலுவலகத்தில் உட்கார்ந்தவன் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. அவளுடைய எழுத்துத்தான் போயிருந்தது. நான் வயதையும் சேர்த்து இறக்கிவிட்டேன்.

அடுத்து எதிர்த்திசையில் போனேன். ஒரே ஒரு புத்தகம் என்றால் அது உயர்ந்த இலக்கியமாக இருக்கட்டும் என்று, பரிசுகள் வாங்கிய கனமான நாவலொன்றை நூலகத்தில் எடுத்து வந்தேன். அவள் அதைக் கையில் தூக்கி நிறை பார்த்தாள். “இத முடிக்கிறதுக்குள்ள நீங்க நூலகத்துல சொன்னது உண்மையாயிடும்” என்றாள்.

அப்படியென்றால் மெல்லியதாக ஒன்று. கவிதைத் தொகுப்பு. பக்கத்துக்குப் பத்து வரிதான் வரும் என்று ஆசை காட்டினேன்.

“ஒவ்வொரு எழுத்தா மேல ஏறிப் போயி, கடைசியில ‘நிலா’ன்னு முடிஞ்சிருந்தா நான் யாருகிட்டப் போயிச் சண்டை பிடிக்கிறது?”

“சரி, உனக்கு என்னதான் வேண்டும்?”

ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். கோடை முழுவதும் அவருக்கு அதுதான் வேலை.

“புள்ளைங்ககிட்டப் புடுங்குவேன்ல,” என்றாள், “அது.”

4

இதை வெளியாட்களுக்குச் சொன்னால் விளங்காது. உங்களுக்கு விளங்கும்.

எங்களுக்குக் கோடை என்று ஒன்று இருந்ததா என்ன? ஏப்ரலில் நுவரெலியாவுக்குக் கொழும்புக்காரர்கள் வருவார்கள், குதிரை ஓடும், பூக்காட்சி நடக்கும். அது அவர்களுடைய வசந்தம். நமக்கு வாய்த்த நீண்ட விடுமுறை ஆகஸ்டுதான். ஆகஸ்டில் எங்கள் லிந்துலையில் மழை. வெள்ளிக்கிழமை பாடசாலை மூடினால், நனைந்த துணி காயாமல் அடுப்பு மேட்டில் வரிசையாகத் தொங்கும். தேயிலைக் கொழுந்தெடுக்கிற பெண்கள் கம்பிளியைத் தலையில் போட்டுக்கொண்டு மலையில் நிற்பார்கள். அவர்களுக்கு ஏது விடுமுறை? ஆசிரியர் குவாட்டர்ஸின் தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. குடும்பத்தில் சமாதானம் நிலவிய மாதம். வாசிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எதை வாசிப்பது? அந்தத் தேர்வை எங்களுக்குச் செய்து தந்தவர்கள் பத்மாவின் பத்தாம் வகுப்பு மாணவிகள்.

மாத நாவல்கள். மட்டமான தாள், பளபளக்கும் அட்டை, அட்டையில் கண்ணீரோடு ஒரு பெண், அவளுக்குப் பின்னால் மீசையோடு ஒருவன். தோட்டத்து வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் கைமாறி, பாவாடை மடிப்பில் ஒளிந்து, பாடசாலைக்கு வரும். கணக்குப் பாடத்தில் மேசைக்கு அடியில் திறக்கும். பத்மா பறித்துவிடுவாள். பறித்ததைக் கொடுக்கக்கூடாது என்று விதி இல்லை, எப்போது கொடுக்க வேண்டும் என்றும் விதி இல்லை. அவள் தனக்கென்று ஒரு விதி வைத்திருந்தாள். தவணை முடியும்வரை அலுமாரியில் இருக்கும். விடுமுறைக்குக் குவாட்டர்ஸுக்கு வரும். அடுத்த தவணையின் முதல் நாள், ஒரு கண்டிப்போடு உரியவளிடம் போய்ச் சேரும்.

ஆனால் ஒன்று. தவணையின் கடைசி இரண்டு வாரங்களில் பத்மா டீச்சரின் கட்டுப்பாடு திடீரென்று கடுமையாகும். அதுவும் எல்லோரிடமும் அல்ல. நல்ல கதையாகத் தேடிப் பிடிக்கிற பெண்களிடம் மட்டும்.

புத்தகத்தைப் பகிர்வதற்கும் எங்களுக்கு ஒரு வழி இருந்தது. இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே புத்தகம் வேண்டும். நடுவிலுள்ள கம்பிகளை நான் கத்தி முனையால் நிமிர்த்தி, புத்தகத்தை இரண்டாகப் பிரிப்பேன். முன்பாதி அவளுக்கு, பின்பாதி எனக்கு. பிறகு மாற்றிக்கொள்வோம். நான் எல்லாக் கதைகளையும் கல்யாணத்திலிருந்து தொடங்கி முதல் சந்திப்பில் முடித்தவன். விடுமுறை முடிவதற்குள் அதே ஓட்டையில் அதே கம்பியைக் குத்தி, பிரித்த அடையாளமே தெரியாமல் மடக்கிவிடுவேன். அரசாங்கம் எனக்குக் கற்றுத் தந்த திறமைகளில் வீட்டுக்குப் பயன்பட்டது அது ஒன்றுதான்.

இந்த ஊர்ப் பட்டியல்காரர்களுக்கு நான் ஒன்று சொல்வேன். ஓய்வுக்கு வாசிக்கிற புத்தகத்தில் கொஞ்சமாவது கள்ளம் இருக்க வேண்டும். ‘இது உங்களுக்கு நல்லது’ என்று யாராவது நீட்டினால் அது அணில் பாடம்தான்.

5

ஆக, மாத நாவல் தேட வேண்டும்.

எங்கள் நூலகத்துத் தமிழ் அலுமாரியில் நீரிழிவு, சோதிடம், சமையல், மறுபடி நீரிழிவு. அம்மையார் வேறு கிளைகளிலிருந்து வரவழைக்கலாம் என்று கணினியில் தேடினார். ‘அவர் விரும்பும் வகையை விவரியுங்கள்’ என்றார். மேசைக்கு அடியில் வைத்து வாசிக்கும் வகை என்று எந்த ஆங்கிலத்தில் சொல்வது? ஏற்கெனவே ஒருமுறை அவர் முன்னால் ஆங்கிலம் பேசி அனுபவப்பட்டவன் நான்.

தமிழ்க் கடைத் தெருவில் புத்தகமும் வைத்திருக்கிற ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர்.

“ஐயா எவடம்?”

“லிந்துலை.”

“அது யாழ்ப்பாணத்தில எந்தப் பக்கம்?”

“நுவரெலியா பக்கம்.”

“ஓ, அங்க படிப்பிக்கப் போனனீங்களோ?”

“இல்லை, பிறக்கப் போனேன்.”

அவர் சிரித்து, தேநீர் தந்தார். புத்தகம்தான் தரவில்லை. “மாத நாவலோ? அதை இப்ப ஆர் ஐயா வாசிக்கினம்? எல்லாரும் யூடியூப்பிலதான் அழுகினம்” என்றார்.

கடைசியில் லிந்துலைக்கே போன் போட்டேன், விஜயலட்சுமிக்கு. பத்மாவிடம் அதிகம் பறிகொடுத்தவள். அதாவது, வகுப்பிலேயே சிறந்த ரசிகை. இப்போது பிள்ளைகளும் வளர்ந்து, அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆசிரியை.

“என்னங்க சார், டீச்சரு எப்படி இருக்காங்க?”

விஷயத்தைச் சொன்னேன். “டீச்சருக்கா, சார்?” என்று இரண்டு தடவை கேட்டாள். பத்மாவுக்கு வாசிக்க வராது என்பதை அவளால் ஏற்க முடியவில்லை என்று தெரிந்தது. பிறகு குரலைச் சரிசெய்துகொண்டாள்.

“அப்ப எங்ககிட்டப் புடுங்கினதெல்லாம் படிச்சாங்களா, சார்?”

“நானும் படித்தேன்.”

“அடப் பாவிகளா!” என்றாள். உடனே, “மன்னிச்சுக்குங்க சார். ஆனா, அடப் பாவிகளா! நாங்க என்னமோ எரிச்சிருவாங்கன்னு பயந்துக்கிட்டு லீவெல்லாம் சாமி கும்புட்டோம்.”

“இப்போது உன் வகுப்பில் பறிக்கிறாயா?”

“எங்கங்க சார்? போன்தான் புடுங்கலாம். ஒரு புள்ள கதைப்புத்தகத்த மேசைக்குக் கீழ வச்சுப் படிச்சா, நானே மாலை போட்டுக் கூட்டிட்டுப் போயி பிரின்ஸ்பல்கிட்டக் காட்டுவேன்.”

தேடி அனுப்புவதாகச் சொன்னாள். நான் என் வழக்கப்படி வழிமுறையை விளக்கினேன். சின்னப் பொதியாகக் கட்டு, சுங்கச் சீட்டில் ‘பழைய புத்தகம்’ என்று எழுது, பொதியைத் தபால் கந்தோரில் காட்டிவிட்டு ஒட்டு.

“சார், நீங்க போயும் இங்க வேலை செய்றத நிறுத்தலையா?” என்றாள். “எத அனுப்புறதுன்னு மட்டும் சொல்லுங்க.”

“அது உனக்குத்தான் தெரியும்.”

யோசித்தாள். “எழுத்து பெருசா இருக்கணும். மாமியார் கொடுமை வேணாம், டீச்சருக்குப் பொறுமை இல்ல. ஆஸ்பத்திரி வர்ற கதையும் வேணாம், இல்லீங்களா சார்?”

நான் நினைத்தே பார்க்காத நிபந்தனை அது. ஆமாம் என்றேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி பேசினாள். லயங்களில் வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்திருக்கிறாள். தபால் கந்தோரில் சிங்களப் பெண் அதிகாரி பொதியைப் புரட்டி, அட்டையில் அழுகிற பெண்களைப் பார்த்துவிட்டு, இவளை ஏற இறங்கப் பார்த்தாராம். “ஒங்களுக்கா டீச்சர்னு சிங்களத்துல கேட்டாங்க சார். எங்க டீச்சருக்குன்னு சொன்னேன். அந்தம்மா முத்திரைய அடிக்கிறதுக்கு முன்னாடி நாலு பக்கம் படிச்சுப் பார்த்துட்டுத்தான் அடிச்சாங்க. தமிழ் தெரியும்போல.”

6

பொதி வந்து சேர்ந்தபோது ஜூலையில் பாதி போய்விட்டது. பத்மா அதை மேசையில் கொட்டினாள். அடுப்புப் புகை வாசம். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஒவ்வொன்றாக எடுத்து, ஓரத்தைக் கட்டைவிரலால் சரித்து, எங்கே அதிகம் கசங்கியிருக்கிறது என்று பார்த்தாள். பலர் திரும்பிப் போய் வாசித்த பக்கம் கசங்கியிருக்குமல்லவா? அப்படித்தான் ஒன்றைத் தேர்ந்தாள். சிவப்பு அட்டை, மெல்லியதும்கூட.

“என்ன பேருன்னு சொல்லாதீங்க” என்றாள்.

பின்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டு. தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே. புத்தகம் மூடிக்கொள்ளாமல் ஒரு பக்கம் நான் பிடிக்க வேண்டும். சொல் தெரிந்தாலும் சொல்லக்கூடாது. சொன்னால் எழுந்து போய்விடுவாள், இரண்டு தடவை போயும் விட்டாள். விரல் நுனி எழுத்தின் மேல் ஊரும். சுழிக்குச் சுழி வளையும், கொம்பில் ஏறும், காலில் இறங்கும், நிற்கும். உதடு அசையும். முதல் நாள் ‘அவள்’ வந்தது. ‘அவள் கதவை’ வரும்போது வியர்த்துவிட்டது. அடுத்த நாள் முந்தின நாளின் வரிக்கே திரும்பிப் போக வேண்டியிருந்தது. மூன்றாம் நாள், “எனக்குப் போதும்ங்க” என்று உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். நான் பிடித்த பக்கத்தை விடாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். என்ன செய்வதென்று தெரியாதபோது நான் கையில் இருப்பதைப் பிடித்துக்கொண்டிருப்பவன். கொஞ்ச நேரத்தில் வந்தாள்.

“கதவத் தொறந்தாளா இல்லையா?” என்றாள்.

“எனக்குத் தெரியாது.”

“பொய்யி.”

பொய்தான். அவள் குளிக்கப் போன ஒரு காலையில், குளியலறைத் தண்ணீர் நிற்பதற்குள் பாதியும், மறுநாள் மீதியுமாக முழுவதையும் வாசித்து முடித்திருந்தேன். இந்த வயதிலும் கள்ளமாக வாசிப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

ஆகஸ்டு பிறந்தது. ஒரு வரி, ஒரு பந்தி, பிறகு ஒரு பக்கம், நல்ல நாளில் இரண்டு. சில சொற்களில் இப்போது விரலே படாமல் கண் தாவியது. அவள் அதைக் கவனிக்கவில்லை, நான் கவனித்தும் சொல்லவில்லை. சுகந்தி வேலையால் வந்து, கைப்பையோடு வாசலில் நின்று பார்ப்பாள். பேத்தி ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, “இப்ப என்ன நடக்குது, அம்மம்மா?” என்று கேட்டாள்.

“ஒருத்தன் மழையில நிக்கிறான்.”

“நேத்தும் நின்னான்.”

“நேத்திலேருந்துதான் நிக்கிறான். நான் போனாத்தானே அவன் போவான்?”

புத்தகத்தின் நடுக்கம்பி தெரிகிற பக்கம்வரை வந்துவிட்டோம். எனக்குள் நான் திட்டம் போட ஆரம்பித்திருந்தேன். இதே வேகம், இன்னும் கொஞ்சம் கூடுகிற வேகம், மழை நாட்களைக் கழித்துவிட்டால் செப்டெம்பர் சந்திப்புக்கு முதல் நாள் கடைசிப் பக்கம். அந்தப் பெண்ணின் மேசையில் புத்தகத்தை வைத்து, ‘முழுவதும்’ என்று சொல்லப்போகிறேன். அதற்கு மேல் எந்த அதிகாரியாலும் ஒரு கோப்பை நிறுத்த முடியாது.

அன்றைக்குப் பத்மா ஒரு பந்தியின் நடுவில் விரலை நிறுத்தினாள். களைத்துவிட்டாள் என்று தண்ணீர் எடுக்க எழுந்தேன்.

“உட்காருங்க” என்றாள். “இவன் இவளக் கட்டிக்க மாட்டான். அவன் அண்ணன் பொண்டாட்டி தங்கச்சி ஒருத்தி வந்தாளே, பத்துப் பக்கத்துக்கு முன்னாடி, பேசாம தேத்தண்ணி குடுத்துட்டுப் போனா. அவளத்தான் கட்டுவான். இவ கடைசியில வாழ்த்திட்டு பஸ் ஏறுவா. சரிங்களா?”

நான் முகத்தை வெறுமையாக வைத்துக்கொண்டேன். அமைச்சர்கள் முன்னால்கூட அது எனக்குப் பலித்ததுண்டு.

“சரிதான்,” என்றாள், “அப்படித்தான் முடியுது. நீங்க முழிக்கிறதுலயே தெரியுது.” புத்தகத்தை என் கையிலிருந்து இழுத்து மூடினாள். “போதும். எனக்குப் புடிக்கல.”

“பாதிதான் இருக்கிறது, பத்மா.”

“அதத்தான் சொல்றேன். இன்னும் பாதி இருக்கு.”

“இவ்வளவு பாடுபட்டு...”

“பாடு நான்தானே பட்டேன்? பஸ் ஏறுறவள வழியனுப்புறதுக்கு நான் எதுக்கு ஒவ்வொரு எழுத்தா நடந்து போகணும்? விஜி நல்ல கதையா வேற வச்சிருப்பா. எடுங்க.”

எனக்குக் கோபம்தான் வந்தது, மறைப்பானேன். ஒரு மாதம் மத்தியானத் தூக்கத்தை விட்டுப் பக்கம் பிடித்தவன் நான். பக்கத்து வீட்டில் புல் வெட்டும் இயந்திரம் நின்ற நேரம், என் குரல் சத்தமாகவே கேட்டது: “செப்டெம்பரில் அந்தப் பிள்ளை எத்தனை பக்கம் என்று கேட்டால் நான் என்ன சொல்வது? தொடங்கினார், முடிக்கவில்லை என்றா?”

பத்மா ஏற்கெனவே மற்றப் புத்தகங்கள் இருந்த பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றின் அட்டையில் அவள் விரல், பெயரின் முதல் எழுத்தில் வளையத் தொடங்கியிருந்தது. தலை நிமிராமலே சொன்னாள்:

“படிக்க முடியலன்னு சொல்லாதீங்க. புடிக்கலன்னு சொல்லுங்க.”